நாலாவது குலை

அமலி மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். வாசல் நிலையில் மஞ்சள் நூலால் கட்டியிருந்த வேப்பங்குலைகள் நான்கு. வீட்டில் இருப்பதோ மூன்று பேர்: அவள், கணவன் பிராங்க், நாலு வயது ஆஷ்லி.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் அது. கோவை கணபதியில் வளர்ந்த பிராங்குக்கு அங்குள்ள நூல்மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்து, தென்னந்தோப்பு நடுவில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமலி இலங்கை மன்னார்க்காரி. கத்தாரில் அவனைச் சந்தித்துக் கட்டிக்கொண்டவள். முந்தின நாள்தான் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குப் பூச்சாட்டியிருந்தார்கள். இனி நோம்பி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை குலை கதவில் தொங்க வேண்டும். கிறிஸ்தவ வீடானாலும் ஊருக்குள் இருந்தால் ஊர்க்கணக்கில் சேர்த்திதான்.

குலை கட்டியது கோயில் வேலை பார்க்கும் வெள்ளியங்கிரி. அவன் சைக்கிளை எடுப்பதற்குள் அமலி ஓடிப்போய் மறித்தாள்.

"அண்ணை, நாங்கள் மூண்டு பேர்தான் இருக்கிறம்."

அவன் அவள் தோளைத் தாண்டி வீட்டின் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "எண்ணித்தானுங்க அம்மணி கட்டியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே போய்விட்டான்.

அந்தச் சிரிப்பும் மரியாதையும்தான் அவளை உறுத்தின. திட்டினால்கூட ஒருவர் மனதில் இருப்பது தெரிந்துவிடும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவர்கள் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று யார் கண்டது? அவளுடைய விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை. ஆபீஸிலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பான் என்று பிராங்க் சொல்லியிருந்தான். சிலோன்காரி வீட்டில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று ஊரே கதவில் எழுதி ஒட்டியதுபோல் அல்லவா இருக்கிறது இது? அவளைத் திருப்பி அனுப்பிவிட்டால் ஆஷ்லி இங்கே, அவள் அங்கே. சின்ன வயதில் முள்கம்பி முகாமில் இருந்தவள் அவள். காலையும் மாலையும் தலையெண்ணுவார்கள். எண்ணிக்கை ஒன்று பிசகினால் என்ன நடக்கும் என்பதை அவள் மறக்கவில்லை.

வீட்டுக்காரம்மா வரலட்சுமி தினமும் சாயங்காலம் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஆஷ்லி கையில் ஒரு கடலை உருண்டையும் வைப்பாள். அவளிடம் கேட்டபோது அந்த அம்மாள் குலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கட்டினதை அவுத்துப்போடாதீங்க அம்மணி. அதுல எது யாரோட தலைன்னு நமக்கெங்கீங்க தெரியும்?"

மறுநாள் பிராங்க் வேலைக்குப் போன பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. தோப்பில் மோட்டார் ஓடி நின்றதும், வாடிய வேப்பிலையின் கசப்பும் ஈரமண் வாடையும் கலந்து அடிக்க, காற்றே இல்லாத அந்த மதியத்தில், வரலட்சுமியின் பழைய மூட்டைகள் அடுக்கியிருந்த உள்ளறையிலிருந்து, யாரோ உட்கார்ந்தபடியே குதிகாலைச் சிமெண்டுத் தரையில் மெல்ல இழுத்து இழுத்துத் தேய்ப்பது போன்ற சத்தம் கேட்டது. அமலி போய்ப் பார்த்தாள். மூட்டைகள் மட்டும்தான். எலியாக இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். கூடத்தில் ஆஷ்லி பொரி தின்றுகொண்டிருந்தாள். பாதியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"அது ஆருக்கு?"

குழந்தை உள்ளறையைக் கைகாட்டியது.

இந்த ஊர் தன் பிள்ளைக்கும் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டதென்று அமலிக்கு ஆத்திரம் பொங்கியது. ஸ்டூலைப் போட்டு ஏறி, கைக்கு அகப்பட்ட ஒரு குலையை அவிழ்த்து, தோப்பு வாய்க்காலில் வீசிவிட்டு வந்தாள். கதவில் இப்போது மூன்று. கணக்குச் சரி. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வெள்ளியங்கிரி வந்து எட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்து ஒன்று என்றான். பிராங்கின் சட்டை கொடியில் தொங்குவதைப் பார்த்து இரண்டு என்றான். அவள் காலடியில் நின்ற ஆஷ்லியை அவன் பார்க்கவில்லை. உள்ளறையைப் பார்த்து மூன்று என்றான்.

"செரியா இருக்குதுங்க."

பின்னாலேயே வரலட்சுமி பாலும் கடலை உருண்டையுமாக வந்தாள். ஆஷ்லி வழக்கம்போல் கையை நீட்டினாள். அந்த அம்மாள் நீட்டிய கையைக் கடந்து நேரே உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கடலை உருண்டை இல்லை.

"ஆஷ்லி இஞ்ச நிக்குது அம்மா. இஞ்ச பாருங்கோ."

வரலட்சுமி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். பாலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அமலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குலை இல்லை. மரத்திலிருந்து புதிதாக ஒன்றை ஒடித்து வந்து கட்டினாள். நூல் நிற்கவில்லை. மறுபடி கட்டினாள். மறுபடி விழுந்தது.

பிராங்க் வந்தான். அமலி ஆஷ்லியை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா" என்றாள் ஆஷ்லி.

"என்னாச்சு அமலி? ஏன் வெறுங்கையை இப்படி நீட்டிட்டு நிக்கிறே?"

அவன் கை கால் கழுவினான். மூன்று தட்டு வைத்தான். சோறு போட்டான்.

"ஆஷ்லி கண்ணு, சாப்பிட வா."

உள்ளறையில் குதிகால் தேய்ந்தது. நின்றது. நடந்தது.

மூன்றாவது தட்டின் முன்னால் அது உட்கார்ந்தது. அமலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆஷ்லி அப்பா, அப்பா என்று வீறிட்டாள். பிராங்க் திரும்பவில்லை. ரசஞ்சோற்றைப் பிசைந்து, ஊதி ஆற்றி, திறந்திருந்த அந்த வாய்க்குள் ஊட்டினான்.