மெழுகுதிரி வீடு

மக்கீன் சேர் தாளில் தண்ணீரை விட்டதும் ஐந்தாம் வகுப்பு முழுவதும் பேச்சு மூச்சில்லாமல் போனது.

கடல் ஊருக்குள் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கல்முனைக்குடியின் அந்தப் பள்ளிக்கூடம் இப்போது ஒரு தகரக் கொட்டில். மேலே தகரம், கீழே மணல், நடுவில் பிள்ளைகளும் வெக்கையும். மக்கீன் சேர் அங்கே புதிதாக வந்த சித்திர ஆசிரியர். வயல் சூழ்ந்த சம்மாந்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போவார்.

போன கிழமை, “உங்களுக்குப் பிடிச்ச இடத்தை வரைஞ்சு கலர் தீட்டுங்க” என்று சொல்லியிருந்தார். சுல்பிகா ஐஸ்பழக் கடையை வரைந்தாள். பக்கத்தில் இருக்கும் ஸுஹைறா தன் வீட்டை வரைந்தாள். சிவப்பு ஓடு, வாசலில் பச்சைக் கேற், கிணறு, கோழிக்கூடு.

அந்த வீட்டைக் கடல் கொண்டு போய்விட்டது. கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிச்சம். அதற்குப் பிறகு ஸுஹைறா வாய் திறப்பதே அபூர்வம். ஆனால் அந்தப் படத்தை வரையும்போது விடாமல் கதைத்தாள். “இந்தக் கேற்றைத் தள்ளினா கத்தும் புள்ள. தெருவுக்கே கேட்கும்” என்றாள். சுல்பிகாவுக்கு ஐஸ்பழம் கிடைத்ததைவிடச் சந்தோசமாக இருந்தது.

இந்தக் கிழமை, வகுப்பிலேயே அதுதான் நல்ல படம் என்று மக்கீன் சேர் அதை எடுத்துப் பலகையில் குத்தினார்.

“வீடு நல்லா இருக்கு. வானம்தான் இல்ல. வானத்துக்குத் தண்ணிக் கலர விடணும், வயலுக்குத் தண்ணி பாய்ச்சிற மாதிரி. மேல வாய்க்காலத் திறந்தா அது தானா கீழ வரும். பாருங்க.”

தூரிகையை நீலத்தில் தோய்த்துத் தாளின் உச்சியில் இழுத்தார். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. நீலம் வானத்தோடு நிற்கவில்லை. ஓட்டுக்கு இறங்கியது. சிவப்புக் கரைந்தது. பச்சைக் கேற் நெளிந்து வழிந்தது.

முன் வாங்கில் இருந்த றிபாத் இரண்டு காலையும் தூக்கி வாங்கின் மேல் வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவன், பிறகு எல்லாரும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சுல்பிகா குனிந்து பார்த்தபோது அவளுடைய காலும் மேலே இருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“வீடு போகுது சேர்” என்றாள் ஸுஹைறா.

அவள் சத்தம் போடவில்லை. எழுந்து போய் உள்ளங்கையைப் படத்தின் குறுக்கே வைத்துத் தடுத்தாள். விரல் இடுக்கால் நீலம் இறங்கிக்கொண்டே இருந்தது.

மக்கீன் சேரின் கையிலிருந்த தூரிகை மணலில் விழுந்தது.

“மகள், நான் வயல்காட்டு ஆள். தண்ணி வந்தா எங்களுக்குச் சந்தோசம். இதை நான் யோசிக்கல்ல” என்றார். வர்ணப் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தார். “இனி இது வேணாம். பென்சில் போதும்.”

அடுத்த நாள் ஸுஹைறா பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீடிழந்தவர்களின் முகாமில் இருவருக்கும் அடுத்தடுத்த குடிசைகள். சுல்பிகா போய்க் கேட்டாள்.

“நான் இனி வரல்ல” என்றாள் ஸுஹைறா. “என்னத்த வரைஞ்சாலும் தண்ணி வந்து அழிச்சிரும்.”

சுல்பிகாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. தன் குடிசைக்கு வந்து கணக்குக் கொப்பியை விரித்தாள். கவனம் எங்கேயோ இருந்ததால் கை பட்டுத் தேத்தண்ணிக் கோப்பை சரிந்தது. பக்கம் முழுவதும் தேத்தண்ணி. துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

பக்கத்தின் ஒரு மூலை மட்டும் வெள்ளையாக இருந்தது. முந்தாநாள் மெழுகுதிரி சொட்டிய இடம் அது.

“உம்மா, இஞ்ச வாங்க. இந்த இடத்தைத் தேத்தண்ணி தொடல்ல.”

“கொப்பியில தேத்தண்ணிய ஊத்திப்போட்டுக் கதை வேறயா” என்றார் உம்மா.

சுல்பிகாவின் காதில் அது விழவேயில்லை. அவள் மெழுகுதிரித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சித்திரப் பாடம் இருந்த நாள் காலையில் ஸுஹைறாவின் குடிசை வாசலில் போய் நின்றாள். “இண்டைக்கு ஒருக்கா மட்டும் வா. பிடிக்காட்டிப் பிறகு நான் கூப்பிடவே மாட்டன்.”

ஸுஹைறா வந்தாள். கடைசி வாங்கில் போய் இருந்தாள்.

“சேர், நீலக் கலர் கொஞ்சம் வேணும்” என்றாள் சுல்பிகா.

மக்கீன் சேர் தயங்கினார். “ஏன் மகள் திரும்பவும்?”

“ஒரே ஒருக்கா சேர்.”

அவர் மனமில்லாமல் பெட்டியைத் திறந்தார். சுல்பிகா தன் கொப்பிக்குள் இருந்த ஒரு தாளை எடுத்துப் போய் ஸுஹைறாவின் முன்னால் சாய்த்து வைத்தாள்.

“இது வெறும் தாள்தானே” என்றாள் ஸுஹைறா.

“இல்ல. உள்ள இருக்கு. தண்ணி வந்தாத்தான் தெரியும்.”

எல்லாரும் சுற்றி வந்து வாங்குகளில் நெருக்கி அமர்ந்தார்கள். நீலம் நிறையத் தோய்த்த தூரிகையைப் பார்த்ததும் கால்கள் மேலே போயின. ஸுஹைறா கண்ணை மூடிக்கொண்டாள். சுல்பிகா தாளின் உச்சியில் தூரிகையை இழுத்தாள்.

நீலம் இறங்கியது. வெறும் தாளில் ஓடு ஒன்று வெள்ளையாக எழும்பியது. பிறகு சுவர். பிறகு கேற். கிணறு. தண்ணீர் எல்லாவற்றின் மேலும் ஓடியது, ஒரு கோட்டையும் கொண்டு போகவில்லை.



“ஸுஹைறா, கண்ணைத் திற” என்றாள் சுல்பிகா. “வீடு போகல்ல.”

ஸுஹைறா பார்த்தாள்.

“மெழுகில தண்ணி ஒட்டாது” என்று மெல்லச் சொன்னார் மக்கீன் சேர். “பயிற்சிக் கலாசாலையில படிச்சனான். சோதினையிலயும் எழுதினனான். அண்டைக்கு ஞாபகம் வரல்லியே.” யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஸுஹைறா மட்டும் சிரிக்கவில்லை. படத்தின் மூலையில் விரலை வைத்தாள்.

“கோழிக்கூட்டுக்கு நீ கதவு வைக்கல்ல.”

“மறந்துட்டன்.”

“கதவு இல்லாட்டிக் கோழியெல்லாம் வெளிய போயிரும் புள்ள” என்று அலுத்துக்கொண்டாள் ஸுஹைறா. “அந்தத் துண்டை இஞ்ச தா.”

புதிய தாள் ஒன்றில் மெழுகுதிரியால் அழுத்தி அழுத்தி வரைந்தாள். கதவையும் வைத்தாள், தாழ்ப்பாளையும் வைத்தாள். பிறகு தாளைச் சாய்த்துப் பிடித்து, தூரிகையைத் தானே எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நீலத்தில் தோய்த்து, மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நீலம் வேகமாக இறங்கியது. சுல்பிகா குனிந்து பார்த்தாள். எல்லாருடைய காலும் மணலில்தான் இருந்தது.