இடப்பக்கம் நகர்ந்த குரல்

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, ஃபுமியே அதைத் தொடவில்லை. கணவர் இவாவோ இறந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் ஒரு குரல் இடம் மாறிவிட்டது என்று சொல்லத்தான் அவள் கனசாவா நகரின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். சொல்லிவிட்டு, தன்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்களோ என்று எதிரே இருந்த இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

நாகாவோ அப்படி நினைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளைத் துருவியே முப்பது வருடம் ஓட்டியவர் அவர். வீட்டைப் பேய்தான் கொளுத்தியது என்று சத்தியம் செய்தவர்களிடம்கூட முகம் சுளிக்காமல் கதை கேட்டிருக்கிறார். இப்படித் தேடி வரும் புதிர்களை அவரோடு சேர்ந்து ஆராயும் கூட்டாளி உகாஜின், ரேடியோ பழுது பார்ப்பவர். ஹார்ன் ஸ்பீக்கர் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இவாவோவிடம் மரத்தால் செய்த, புனல்போல வாய் விரிந்த ஆளுயர ஹார்ன் ஒலிபெருக்கிகள் இரண்டு இருந்தன. கெட்டியான வைக்கோல் பாய்கள் எட்டைத் தரையோடு பதித்த அறையில் அவற்றை ஒன்பது வருடம் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்திருக்கிறார். கடைசியில், அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் பாடகி நேர் எதிரே நின்று பாடுவதுபோல அமைந்துவிட்டது. அந்த இடம் தவறிவிடக் கூடாது என்று, ஹார்னின் கால்கள் படும் இடத்தில் பாயின் இரு பக்கத் துணிக்கரையிலும் சிவப்பு நூலால் தையல் போட்டு வைத்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் எப்போதும் கேட்கும் இசைத்தட்டை ஃபுமியே போட்டாள். பாடகி நடுவில் இல்லை. இடப்பக்க மூலையில் இருந்த தூணருகே போய் நின்று பாடினாள். இவாவோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது அந்தத் தூணடியில்தான்.

"அன்னிக்கு 'கொஞ்ச நேரம் வந்து உக்காந்து கேளேன்'னு கூப்பிட்டார். தலைவலின்னுட்டேன். பொய்தான், ஐயா. அவருக்கு இன்னும் என்மேல கோவமான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். தூக்கம் போய்ப் பல நாளாகியிருந்தது அவள் கண்களில் தெரிந்தது.

மறுநாள் பிற்பகல் இருவரும் அந்த அறைக்குப் போனார்கள். உகாஜின் அளவுநாடாவோடு தரையில் தவழ்ந்தார். பிறகு கருவிகளைத் திறந்து பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, எதுவும் பிசகலை. எல்லாக் காலும் நூல்மேலதான் நிக்குது. நாற்காலியும் அதே இடம்தான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வருது."

"அப்ப என்னதான் பிசகியிருக்கு?"

"சொன்னா திட்டுவீங்க."

ஃபுமியே இசைத்தட்டைப் போட்டாள். வெறும் தூணருகிலிருந்து ஒரு பெண் மூச்சு இழுத்துப் பாடத் தொடங்கினாள். உகாஜினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாகாவோவுக்கும் ஒரு கணம் முதுகு சில்லிட்டது. அவர் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவர் தூணை விட்டுவிட்டு வலப்பக்க ஹார்னிடம் போய்க் குந்தினார். அந்தப் பக்கம் பெரிய ஜன்னல். ஜன்னலோரப் பாய்களெல்லாம் ஜன்னலை ஒட்டிய தலைப்பில் வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தன. ஹார்னின் கீழிருந்த பாய் மட்டும் ஜன்னல் பக்கம் பச்சையாகவும் உள்பக்கம் பழுப்பாகவும் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இறுதிச் சடங்கு எந்த அறையில் நடந்தது என்று கேட்டார்.

இதே அறையில்தான் என்றாள் ஃபுமியே. ஹார்ன்களை அடுத்த அறைக்குத் தூக்கிப் போனார்கள். மாமியார் காலத்து வழக்கப்படி துக்கத்துக்கென்று பாய்களைப் பெயர்த்து வேறு வரிசையில் விரித்தார்கள். நாற்பத்தொன்பது நாள் கழிந்ததும் அண்டை வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து எல்லாவற்றையும் பழையபடி போட்டுக் கொடுத்தார்கள்.

"பழையபடி இல்லைம்மா, இந்த ஒண்ணு தலைகால் மாறிடுச்சு" என்றார் நாகாவோ. "வெயில்ல பழுத்த தலைப்பு ஜன்னல் பக்கம்தானே இருக்கணும்? இப்ப உள்ள கெடக்கு. தையல் பாயோட நடுவுல இல்லை, நாலு விரல் உள்ள தள்ளியிருந்திருக்கு. பாய் திரும்பினதும் நாலு விரல் வெளிய போயிடுச்சு. மொத்தம் எட்டு விரல். உகாஜின், நீ நூலை அளந்தே. நூல் தைச்ச பாயைப் பாக்கலை."

உகாஜின் தலையில் கைவைத்துக்கொண்டார். மிச்சத்தை அவரே சொன்னார். ஹார்ன் என்பது டார்ச் விளக்கு மாதிரி. திருப்பிய இடத்தில்தான் அடிக்கும். எட்டு விரல் தள்ளிப் போன வலது ஹார்ன் நாற்காலிக்குப் பக்கத்துக் காற்றுக்குப் பாடிக்கொண்டிருந்தது. காதுக்கு நேராக வந்தது இடது ஹார்ன் மட்டும். அதனால் பாடகியும் இடப்பக்கம் போய்விட்டாள்.

இருவரும் ஹார்னைத் தூக்கி வைத்து, கொக்கி போட்டுப் பாயைப் பெயர்த்துத் திருப்பினார்கள். பிறகு கால்களை மறுபடி நூல்மேல் நிறுத்தினார்கள். ஃபுமியே இவாவோவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை குரல் அவளுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எழுந்தது. உகாஜின் சிறு பிள்ளைபோலச் சிரித்தார்.

ஃபுமியே சிரிக்கவில்லை. பாட்டு முடியும்வரை தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவருக்குக் கோவம் இல்லை."

"இல்லைம்மா."

"அவரே இல்லை."

தீயின் காரணத்தைக் கண்டுபிடித்த எந்த வீட்டிலும் நாகாவோ இப்படிக் குற்றவாளிபோல நின்றதில்லை.

"தினமும் இங்க உக்காந்து மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன், ஐயா" என்றாள் அவள். "கோவமா இருந்தாலும், இருந்தாரே. நூறாம் நாள் காரியம் வரைக்கும் அந்தப் பாயை மறுபடி தலைகால் மாத்தியே போட்டுக் குடுப்பீங்களா?"

உகாஜின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகாவோ அதற்குள் குனிந்து ஹார்னின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பிடிக்கும்படி அவருக்குத் தலையசைத்தார்.