குண்டனின் ரத்தம்

மழைச்சாரல் உள்ளே அடிக்கிறதே என்று ஜன்னலை இழுத்துச் சாத்தியபோதுதான் டாக்டரம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மரத்தில் உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, அவசரமே இல்லாத சத்தம். விடுமுறை நாள். கீழே பூனை, நாய்களுக்கான அவளுடைய ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது; மாடியில் அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தாள்; சத்தம் மாடிப்படி திரும்புகிற இடத்திலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தாள். பூச்சு உதிர்ந்த மூலையில் உட்கார்ந்து குண்டன் சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

மீனில்கூட நடுத்துண்டு பார்த்துத் தின்கிற பூனை அது. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போன குட்டி, இப்போது வீட்டுப் பிள்ளை. ரத்தம் சுண்டிப்போய் வருகிற பூனைகளுக்கெல்லாம் அதன் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்துத்தான் டாக்டரம்மா ஏற்றுவாள். "ஊருக்கெல்லாம் ரத்ததானம் பண்ணுற வள்ளல், வீட்டுல ஒரு எலி பிடிக்கத் துப்பில்ல" என்று அக்கா அதைக் கேலி செய்யாத நாளில்லை.

சுவரையும் மண்ணையும் நக்குவது ரத்தம் குறைந்த பூனை செய்கிற வேலை. அவள் படியில் உட்கார்ந்து குண்டனின் உதட்டைத் தூக்கி, ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குண்டனுக்கு அது நேரமே எடுக்கவில்லை. விரலை எடுக்குமுன்பே ஈறு செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. அவள் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும், ஆனால் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். அக்கா வாங்கி வந்த புதுப் பற்பசை வேறு, காலையிலிருந்து வாயெல்லாம் சுண்ணாம்பாகக் கசந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி உதவியாளர்.

"தையல்காரர் பூனை போயிடுச்சு டாக்டரம்மா. ரெண்டு நாளா சுவத்த நக்கிக்கிட்டே கெடந்துச்சாம்."

போனை வைத்தாள். தையல்காரர் பூனைக்குக் குண்டனின் ரத்தம் ஏற்றியிருந்தது. அதற்கு முன்னால் வாத்தியார் வீட்டுப் பூனை, ரொட்டிக்கடைக்காரரின் பூனை. எல்லாம் எழுந்து நடந்தன, தின்றன, பிறகு ஈறு வெளுத்துச் செத்தன. ரத்த அணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கிற கிருமி அது. தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவும் என்பார்கள், அவளும் அந்தந்த வீட்டுத் தெள்ளுப்பூச்சிமேல் பழியைப் போட்டிருந்தாள். குண்டனின் ரத்தத்தை அவள் சோதிக்காமலில்லை. சாயங்காலம் எடுத்து வைத்து, காலையில் ஆற அமரப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் சுத்தமாக இருந்தது.

சுத்தமாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி குழாயில் கிடந்தால் அந்தக் கிருமிகள் அணுக்களை விட்டு உதிர்ந்துவிடும், எடுத்த கையோடு பார்க்க வேண்டும். இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் அவள். பெற்ற பிள்ளையை யாராவது சந்தேகப்படுவார்களா?

ஆஸ்பத்திரியைத் திறந்து, குண்டனின் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். கண்ணாடித் துண்டில் இழுத்துத் தடவி, சாயம் ஊற்றி, கழுவி, நுண்ணோக்கியில் வைத்தாள். ஒவ்வொரு அணுவின் ஓரத்திலும் மொய்த்துக் கிடந்தன கரும்புள்ளிகள். கண்ணாடியை நகர்த்தினாள். அங்கேயும். புள்ளி இல்லாத அணு ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு ரத்தத்தோடு எந்தப் பூனையும் தலையைத் தூக்க முடியாது. குண்டனோ மேசைமேல் கொழுகொழுவென்று உட்கார்ந்து பின்னங்காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் இது யாருடைய ரத்தத்தில் வாழ்கிறது?

மறுபடியும் உப்புத்தாள் சத்தம்.

குண்டன் நக்குவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. சத்தம் மாடியிலிருந்து வந்தது.

படியேறினாள். திருப்பத்தில், கீழ் மூலையில், குண்டன் நக்கிய ஈரம். அதற்கு மேலே இன்னொரு ஈரம், பெரியது, அவள் முகத்துக்கு நேராக.

"அசதியா இருக்குடி" என்று அக்கா எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் சிவப்புச் சிவப்பாகக் கடிகள். கொசுவாக இருக்கும் என்று சிரித்தவள் இவள்தான். இது பூனைக்கு வருவது. மனிதருக்கு வராது. அப்படித்தான் படித்திருந்தாள்.

அறையில் திரை போட்டிருந்தது. அக்கா கட்டிலில் இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா?"

சத்தம் நின்றது. அக்கா திரும்பினாள். மோவாயெல்லாம் சுண்ணாம்பு.

"என்னக்கா பண்ற?"

"வாய் கேக்குதுடி." குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "நீயும்தான் ராத்திரி படியில நின்னு நக்குற. நான் ஏதாச்சும் கேட்டேனா?"

அவள் கை தானாக நீண்டது. அக்காவின் உதட்டைத் தூக்கி, ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். வெள்ளை. அழுத்துமுன்பே வெள்ளை. திரும்பி வர அங்கே நிறமே இல்லை.

ரத்தம் ஏற்ற வேண்டும். இப்போதே. தன் ரத்தத்தையே கொடுத்துவிடலாம், கடைசிச் சொட்டுவரை. இந்த அக்கா இல்லாமல் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேசைக்கு ஓடி, தன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

கொடுக்க ஒன்றும் இல்லை.

மேசை விளிம்பைப் பிடித்தபடி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் அக்கா மறுபடியும் நக்கத் தொடங்கினாள். குண்டன் வந்தது. மேசைமேல் ஏறி அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, நகம் படாமல், அவள் உதட்டை விலக்கி, ஈறில் மெல்ல அழுத்தியது.

எடுத்தது.

தலையைச் சாய்த்து, அந்த இடத்தையே பார்த்தபடி காத்திருந்தது.