பாட்டு இல்லாத பஸ்

ஆடுகோடியில் கிருத்திகா குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிக்கு அருகே ஒரு கரும்பலகை இருந்தது. தண்ணீர் லாரி வரும் நாளை எழுதிப் போடுவதற்காக அதை மாட்டியிருந்தார்கள். மற்ற நாட்களில் அது வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கிருத்திகாவுக்குக் கை துறுதுறுத்தது. கட்டடத்தின் செயலாளர் ஓஸ்வால்ட் அங்கிளிடம் போனாள்.

"அங்கிள், போர்டுல நான் நியூஸ் எழுதட்டுமா?"

"என்ன நியூஸ்?"

"ஊர் நியூஸ், நம்ம பில்டிங் நியூஸ், நாங்க டூர் போனது, சினிமா பார்த்தது, எல்லாம். கீழே என் கருத்தும் எழுதுவேன்."

ஓஸ்வால்ட் அங்கிள் தாடையைச் சொறிந்துகொண்டார். "சரி. தண்ணி லாரி வர்ற அன்னிக்கு மட்டும் அழிச்சுடணும்."

அப்படித்தான் ஆறாம் வகுப்பு படிக்கும் கிருத்திகா பத்திரிகையாளர் ஆனாள்.

அது 1998ஆம் ஆண்டு. எங்கே பார்த்தாலும் வெங்காய விலையைப் பற்றியே பேச்சு. அவளுடைய முதல் செய்தியும் அதுதான். "வெங்காய விலை ஆப்பிள் விலையைத் தொட்டுவிட்டது. என் கருத்து: ஆப்பிளை வைத்துச் சாம்பார் செய்ய முடியாது. பெரியவர்கள் யோசிக்க வேண்டும்."

அடுத்த வாரம் பயணக் கட்டுரை. "நந்தி மலைக்குப் போனோம். ஒரே பனி. மலை தெரியவில்லை. பள்ளத்தாக்கு தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்பாவும் தெரியவில்லை. என் கருத்து: எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்."

வேலைக்குப் போகிறவர்கள் படியில் நின்று படித்துவிட்டுச் சிரித்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தம்பி சஞ்சய் உரக்கப் படித்துச் சொன்னான். யாராவது சிரிக்கும் சத்தம் மாடிவரை கேட்டால் கிருத்திகாவுக்கு அன்றைக்குக் காலை இட்லி கூடுதலாக இரண்டு இறங்கும்.

தீபாவளி வந்தது. மாலையில் கட்டடத்து முற்றத்தில் ஒரு சின்ன விழா நடந்தது. மைக் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டாம் மாடி எத்திராஜ் அங்கிள் பாட வந்தார்.

எத்திராஜ் அங்கிள் சிட்டி பஸ் கண்டக்டர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்த பேச்சைக் கன்னடத்தில் முடிப்பார். அன்றைக்கு அவர் இரண்டு பாட்டுப் பாடினார். முதல் பாட்டு ரொம்ப உச்சத்துக்குப் போகிற சினிமாப் பாட்டு. அவர் குரல் பாதி வழியில் உடைந்தது. மைக் கீச்சென்று கத்தியது. அதே நேரம் ஓஸ்வால்ட் அங்கிளின் நாய் ப்ரௌனி தலையைத் தூக்கி "ஊ..." என்று ஊளையிட்டது.

முற்றமே சிரித்தது. கிருத்திகா சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் மும்முரமாக எழுத ஆரம்பித்துவிட்டாள். அந்த மும்முரத்தில் அவர் பாடிய இரண்டாவது பாட்டை அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை பலகையில் இப்படி இருந்தது: "எத்திராஜ் அங்கிள் பாட்டில் மேலே மேலே போனார். ப்ரௌனியும் கூடவே போனது. என் கருத்து: ப்ரௌனிக்குத்தான் சுருதி சேர்ந்தது."

அதுவரை எந்தச் செய்திக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ஓஸ்வால்ட் அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காக்கிச் சட்டையும் தோல் பையுமாக டியூட்டிக்குக் கிளம்பிய எத்திராஜ் அங்கிளும் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். அவரும் சிரித்தார்.

"நல்லா எழுதறே பாப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பல் தேய்க்கும்போது சஞ்சய் கேட்டான். "அக்கா, மேல் வீட்டு ரேடியோ ரிப்பேரா?"

"அது ரேடியோ இல்லடா. காலையில எத்திராஜ் அங்கிள்தான் பாடுவாரு."

"அப்போ அங்கிள் ரிப்பேரா?"

கிருத்திகா ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. துணி அலசும் சத்தம் கேட்டது. பாட்டு மட்டும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அந்த வாரத்திலேயே ஓஸ்வால்ட் அங்கிள் அம்மாவிடம் படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "நவம்பர் ஒண்ணாம் தேதி ராஜ்யோத்சவம், கர்நாடகா பிறந்த நாள் வருது. வருஷா வருஷம் எத்திராஜ்தான் கன்னடப் பாட்டு பாடுவாரு. இந்த வாட்டி முடியாதுங்கறாரு. தொண்டை சரியில்லையாம்."

கிருத்திகா அதை நம்பவில்லை. அன்று காலைதான் எத்திராஜ் அங்கிள் தெருமுனைக்குப் போய்விட்ட கேஸ் வண்டியை மாடியில் நின்றே கூப்பிட்டு நிறுத்தினார். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பெரிய எழுத்தில் எழுதினாள். "எத்திராஜ் அங்கிள் மிக மிக அருமையாகப் பாடுவார். அவரைப் போல் பாட இந்தியாவிலேயே ஆள் இல்லை."

வேலை முடிந்து வந்த எத்திராஜ் அங்கிள் அதைப் படித்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"பொய் எழுதாத பாப்பா," என்றார் மெதுவாக. "உன் போர்டைப் படிக்கிறவங்க நெஜம்னு நம்பறாங்க. அதைக் கெடுத்துக்காத."

அவர் மாடி ஏறிப் போனதும் கிருத்திகா அதைத் தன் கையாலேயே அழித்தாள். பொய் எழுதினால் அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மையை எழுதினால் அவர் பாடவில்லை. பிறகு என்னதான் எழுதுவது?

சனிக்கிழமை காலை அம்மா பெரிய பையை எடுத்துக்கொண்டாள். "சிட்டி மார்க்கெட்ல வெங்காயம் கொஞ்சம் மலிவாம். வர்றியா?"

ஆடுகோடி நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. ஏறியதும்தான் தெரிந்தது, அது எத்திராஜ் அங்கிளின் பஸ். அவர் அம்மாவிடம் நலம் விசாரித்தார். கிருத்திகாவைப் பார்த்துப் புன்னகைத்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏன்ரீ எத்திராஜ், ஹாடு எல்லி?" பாட்டு எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

எத்திராஜ் அங்கிள் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

"நாலு நாளா இதையே சொல்றான்," என்று தாத்தா பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டார். "பஸ்ஸு மாதிரியே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கு."

கிருத்திகாவுக்குக் காது விடைத்துக்கொண்டது. பஸ்ஸில் பாட்டா?

பஸ் வில்சன் கார்டனில் நின்று புறப்பட்டது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா கம்பியில் தலையைச் சாய்த்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சாந்திநகர் வந்து, டிரைவர் பிரேக் போட்டதும் திடுக்கிட்டு விழித்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். "ஐயோ, வில்சன் கார்டன் போயிடுச்சா?"

"இப்பத்தான் போச்சுக்கா," என்றாள் கிருத்திகா.

"இன்னிக்கும் நடக்கணும்," அந்த அக்கா செருப்பைத் தேடினாள். "ஹெப்பகோடியில இருந்து வர்றேன் பாப்பா. விடிகாலையில எழுந்து சமைச்சு வெச்சுட்டு, பஸ் ஏறினதும் தூங்கிடுவேன். வில்சன் கார்டன் வர்றதுக்கு முன்னாடி கண்டக்டர் பாட ஆரம்பிப்பாரு. கரெக்டா முழிச்சுப்பேன். இப்போ என் அலாரம் நின்னுபோச்சு. தையல் கடையில தினம் திட்டு."

"அவரு பாடினா கத்தற மாதிரி இருக்காதா அக்கா?"

"கத்தறதா? சே சே. கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, அடியில இருந்து மெதுவா வரும். சிக்னல்ல நின்னாக்கூட யாருக்கும் கோபம் வராது." அக்கா இறங்கிப் போனாள்.

மார்க்கெட் வரும்வரை கிருத்திகா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அடியில் இருந்து மெதுவாக. ஆமாம், காலையில் வாளிச் சத்தத்தோடு ஜன்னல் வழியாக வருமே, அதுவும் அப்படித்தான் இருக்கும். அவள் தினமும் கேட்ட குரலை விட்டுவிட்டு, ஒருநாள் உடைந்த குரலை மட்டும் எழுதியிருக்கிறாள்.

அம்மா வெங்காயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். கிருத்திகா தலையில் செய்தியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகையில் புதுச் செய்தி இருந்தது.

"பயணச் செய்தி. எத்திராஜ் அங்கிளின் பஸ்ஸில் நாலு நாளாகப் பாட்டு இல்லை. தாத்தா ஒருவருக்குப் பஸ் ஆஸ்பத்திரி போல் இருக்கிறதாம். ஹெப்பகோடி அக்கா தூங்கிவிட்டு, இறங்கும் இடம் தாண்டிப் போய்த் திட்டு வாங்குகிறாள். திருத்தம்: தீபாவளி அன்று அங்கிள் இரண்டு பாட்டுப் பாடினார். நிருபர் ஒன்றைத்தான் கேட்டார். என் கருத்து: உயரமான பாட்டு அவருக்கு வராது. அடியில் இருந்து வரும் பாட்டு அவரைப் போல் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் வராது."

எழுதிவிட்டு அவள் ஓடிவிடவில்லை. படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள்.

எத்திராஜ் அங்கிள் பால் வாங்க இறங்கி வந்தார். நின்றார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். 'உயரமான பாட்டு அவருக்கு வராது' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே திட்டு விழுதா?" என்று கேட்டார்.

"ஆமா அங்கிள். தினம்."

"சும்னே, சும்மா தூங்கறான்னு நினைச்சேன். என் பாட்டை நம்பித் தூங்கறான்னு தெரியாது." பால் பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "பஸ்ல பாடறேன் பாப்பா. அது பரவாயில்ல. மைக் முன்னாடி மட்டும் கூப்பிடாத. தீபாவளியில இருந்து அதைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்குது."

கிருத்திகா யோசித்தாள். அவளுக்கும் மைக் என்றால் பயம்தான். பலகையில் எழுதுவது வேறு. அங்கே யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள்.

"அங்கிள், ராஜ்யோத்சவத்துக்கு உங்களுக்கு முன்னாடி நான் பேசறேன். வரவேற்புரை. கன்னடத்துல."

"உனக்குக் கன்னடம் எங்கே வருது? ஒசூர்ல இருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகலையே."

"வராது. அதான் சொல்றேன். அன்னிக்கு விமர்சனம் நீங்க எழுதுங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க. நான் அழிக்க மாட்டேன்."

எத்திராஜ் அங்கிள் அவளையே பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "நாய் ஊளையிட்டா அதையும் எழுதுவேன்," என்றார்.

"எழுதுங்க."

அந்த வாரம் முழுக்க அவள் வரவேற்புரையை மனப்பாடம் செய்தாள். மொத்தம் நாலே வரி. வணக்கம், வரவேற்கிறோம், உட்காருங்கள், நன்றி. மூன்றாவது வரியில்தான் சிக்கல். கன்னடத்தில் உட்காருங்கள் என்பதற்கு 'குளிதுகொள்ளி' என்று சொல்ல வேண்டும்.

"எல்லாரையும் குளிக்கச் சொல்றியா?" என்று சஞ்சய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"குளிக்க இல்லடா. உட்கார."

"எனக்குக் குளிக்கன்னுதான் கேட்குது."

அவன் சொன்ன பிறகு அவளுக்கும் அப்படியே கேட்கத் தொடங்கியது.

நவம்பர் ஒன்றாம் தேதி முற்றத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடி ஏறியது. எட்டு வீட்டுக்காரர்களும் பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் வந்து நின்றார்கள். கிருத்திகா மைக் முன்னால் போனாள். முதல் இரண்டு வரியும் தடங்கல் இல்லாமல் வந்தன. மூன்றாவது வரி வந்ததும் முன்வரிசையில் சஞ்சய் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுபோல் கையை ஆட்டினான்.

அவ்வளவுதான்.

"தயவிட்டு எல்லரூ ஸ்நான மாடி," என்றாள் கிருத்திகா. தயவுசெய்து எல்லோரும் குளியுங்கள்.

முதலில் கன்னடக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் விளக்கம் சொல்லத் தமிழர்கள் சிரித்தார்கள். ஓஸ்வால்ட் அங்கிள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிருத்திகாவின் முகம் சிவந்து காது சுட்டது. ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. சிரிப்பு அடங்கும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தன்யவாத," என்று முடித்தாள். நன்றி.

கைதட்டல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். எத்திராஜ் அங்கிள் தானாகவே எழுந்து வந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. உள்ளங்கை வேர்ப்பதையே அவர் மறந்துவிட்டார்போலிருந்தது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல்தான் இருந்தது. பாதி வார்த்தைகள் கிருத்திகாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் இந்த முறை மனதுக்குள் எதையும் எழுதாமல் கடைசிவரை கேட்டாள். பாட்டு முடிந்தபோது அம்மா மடியில் சஞ்சய் தூங்கிப்போயிருந்தான். இன்னொன்று பாடச் சொல்லி ஓஸ்வால்ட் அங்கிள்தான் முதலில் கேட்டார்.

மறுநாள் காலை கிருத்திகா பல் தேய்க்காமலே கீழே இறங்கினாள். பலகையில் கோணல்மாணலாக எழுத்துகள் இருந்தன. எத்திராஜ் அங்கிள் பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

"கிறுத்திகா எல்லாறையும் குளிக்கச் சொன்னாள். காவேரித் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது. அதனாலே உக்காந்துக்கிட்டோம். என் கறுத்து: பயந்தாலும் ஓடலை. அடுத்த வருசமும் இவளே பேசணும்."

அவள் இரண்டு தடவை படித்தாள். அவளுடைய பெயரிலேயே பிழை. 'கருத்து' கறுத்துப்போயிருந்தது. கை தானாகச் சாக்பீஸை எடுத்தது.

கொஞ்ச நேரம் அதை விரலில் உருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தண்ணீர் லாரிக்காக அழிப்பதற்குள் அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.