கோடையில் பச்சையாகத் தெரிந்த வயல்

ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் வைரக்கண்ணு தஞ்சாவூர் நிலத்தடி நீர் அலுவலகத்துக்கு ஒரு மஞ்சள் பை நிறைய மண்ணோடு வந்தார். துளைத்த ஆழத்தில் பத்து அடிக்கு ஒரு பொட்டலம். வேதாரண்யம் பக்கம் ஈஸ்வரியின் வயலில், அந்த அலுவலகம் கொடுத்த வரைபடம் காட்டிய இடத்தில் போர் போட்டாராம். வந்தது உப்புத் தண்ணீர், நாற்றங்கால் கருகிவிட்டது. அவர்தான் இடத்தை மாற்றிவிட்டார் என்று ஊரே பேசுகிறது. இரண்டு மாதமாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"நீங்க புள்ளி வச்ச இடத்துலதாம்மா போட்டேன். தப்பு யாருதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

நிலத்தடி நீர் ஆய்வாளர் ஷமீரா மண்ணை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அந்த வரைபடத்தைத் தயாரித்தவள் உதவியாளர் பூர்ணிமா. புதிர் எதுவானாலும் முதலில் வண்டிச் சாவியை எடுப்பவளும் அவளே. இன்றும் எடுத்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். குழாயில் ஓட்டை இருக்கலாம், ஈஸ்வரியே இடத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம். ஷமீரா எல்லாவற்றுக்கும் "பார்ப்போம்" என்றாள். பின் இருக்கையில் வைரக்கண்ணு மண் பையை மடியில் வைத்திருந்தார்.

ஊர் எல்லையில் கரி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஷமீரா அவற்றைத் திரும்பிப் பார்த்தாள். வயலில், கைபேசி காட்டிய புள்ளியிலேயே போர்க் குழாய் நின்றது. பூர்ணிமா சட்டென்று காலைத் தூக்கினாள். செருப்பைத் துளைத்து ஒரு முள்.

மோட்டார் கொட்டகை நிழலில் ஈஸ்வரி காத்திருந்தாள்.

"இவர் இடத்தை மாத்தல. புள்ளிதான் தப்பு," என்றாள் ஷமீரா. "ஏப்ரல்ல செயற்கைக்கோள் எடுத்த படத்தை வச்சுத்தான் வரைபடம் போட்டோம். சுத்தி எல்லா வயலும் காய்ஞ்சு கிடக்க, இது மட்டும் பச்சை. அடியில நல்ல தண்ணி இருக்குன்னு கணக்காயிடுச்சு. அந்தப் பச்சைதான் இப்ப ஊர் எல்லையில மூட்டையில கரியா இருக்கு. சீமைக்கருவை முள்மரம். அது உப்புத் தண்ணியிலயும் தழைக்கும்."

"போருக்காகத்தான் வெட்டினோம்," என்றாள் ஈஸ்வரி. "நேர்ல வந்து பார்த்ததா எழுதிக் கொடுத்தீங்களே?"

ஷமீரா அந்தக் கள ஆய்வுப் படிவத்தை விரித்தாள். "'வயலைச் சுற்றி நடந்தேன், நெற்பயிர் பச்சையாக உள்ளது.' இப்படி எழுதியிருக்கு. ஏப்ரல்ல இங்க நெல் ஏது? அதோட, இங்க நடந்தா முள் குத்தாம திரும்ப முடியாது. பூர்ணிமா ஒரு வருஷமாப் போடுற செருப்புல இன்னைக்குத்தான் முதல் ஓட்டை." குரல் தாழ்ந்தது. "படிக்காம கையெழுத்துப் போட்டது நான்."

பூர்ணிமாவுக்கு அதை எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து அவள் காதலன் ராம்கி ஒரு வார லீவில் வந்திருந்தான். பெரிய கோவில் புல்வெளியில், அவன் வாங்கித் தந்த மல்லிகையின் வாசனைக்கு நடுவேதான் இந்தப் படிவத்தை நிரப்பினாள்.

"நான் வரவே இல்லக்கா," என்றாள் ஈஸ்வரியிடம். "வராமலே எழுதினேன். இவர் மேல பழி விழுந்தது தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைரக்கண்ணு மண் பொட்டலங்களைத் திரும்பப் பைக்குள் அடுக்கினார்.

"இங்க சொல்லிட்டீங்க, சரிம்மா. டீக்கடையில சொல்லணும். என் பேரு கெட்டது அங்கதான்."

டீக்கடை தெருமுனையில் இருந்தது. அந்த நேரத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். பூர்ணிமா முள்ளைக்கூடப் பிடுங்காமல் நடக்கத் தொடங்கினாள். ஷமீராவும் கூடவே போனாள்.