பாதி இலை

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்த அந்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை மதியம் கோவில்பத்து வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்குப் பெரியவர் திருஞானசம்பந்தம், அவர் மனைவி சௌந்தரவல்லி, மகன் சிவக்குமார், மருமகள் சுகிர்தா, அன்று மாலை பூ வைக்கப்பட இருந்த மகள் சந்திரலேகா. வேறு யாரும் இல்லை. மாலையில் திருமலைராயன்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்கள் கூடத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அந்த வீட்டில் பெரியவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் உட்காருவது வழக்கம். சௌந்தரவல்லி பரிமாறிவிட்டு, வழக்கம்போல் தூணை ஒட்டி நின்றாள்.

"உப்பு வைக்கலியா?" என்றார் அவர்.

உப்பு இலையின் இடது நுனியில் இருந்தது. பக்கத்திலேயே மாங்காய் ஊறுகாய் எண்ணெய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அவள் குனிந்து விரலால் உப்பை வலப்பக்கம் தள்ளிவைத்தாள்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துதா? காயும் இல்லாம, கூட்டும் இல்லாம ஒரு சாப்பாடு. சம்பந்தி வீட்டுக்கும் இப்படித்தான் போடப்போறியா?"

அவள் இலையைப் பார்த்தாள். நடுவில் யாரோ கத்தியால் கோடு கிழித்ததுபோல், வலது பாதி ஒரு பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிடப்பட்டிருந்தது. இடது பாதியில் வாழைக்காய் வறுவலும் பூசணிக்காய்க் கூட்டும் அப்பளமும் வைத்தது வைத்தபடி இருந்தன. கூட்டின் மேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. சோற்றில்கூட ஒரு பாதி வெட்டி எடுத்த மதில்போல் நின்றது. அவள் மெல்லக் கண்ணை உயர்த்தினாள். நெற்றியின் வலது பக்கம் மூன்று கோடாக அழுத்தி இழுத்த விபூதி, புருவ மத்தியில் வந்து நின்றுவிட்டிருந்தது. காலையில் அவரே சவரம் செய்துகொண்ட முகத்தில் இடது தாடை முழுக்க வெள்ளை முள்.

கும்பகோணத்து டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வைகாசியில் அவருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஊரில் காட்டினால் வாசல் கேட்டில் கொரோனா நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்று, விடிவதற்கு முன்னால் காரில் கும்பகோணத்துக்குப் போய்த் தெரியாத ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். கிளம்பும்போது டாக்டர் அவளிடம்தான் சொன்னார். "காய்ச்சல் போயிடுச்சு, ஆனா கொரோனா இன்னும் முழுசா போகலம்மா. சில மாசத்துக்கு ரத்தம் உறையிற பயம் இருக்கும். இதயத்துக்கும் போகலாம், மூளைக்கும் போகலாம். ஐயாவுக்கு சர்க்கரை வேற. வாய் கோணினா, ஒரு பக்கம் தளர்ந்தா, யோசிக்காம தூக்கிட்டுப் போங்க. நேரம் போனா போனதுதான்."

டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு வாரத்தில் தீர்ந்தது. மறுபடி வாங்கவில்லை. வழக்கமாக வாங்கும் பாரதியார் வீதி மருந்துக்கடை மாப்பிள்ளையின் தாய்மாமனுடையது. மாப்பிள்ளையின் அண்ணன் சித்திரையில் கொரோனாவில்தான் போயிருந்தான். அதனால் சம்பந்தியம்மா ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே போனில் அதைத்தான் கேட்டாள். "எங்க வீட்டு வாசப்படிய அது மிதிக்கல" என்று பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் சொன்ன சொல் அதுவரை பொய்யானதில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண்ணுக்கு அந்தச் சொல்லின்மேல்தான் மூன்றாவது இடம் நின்றது.

அவர் இலையை விட்டு எழுந்தார். இடது தோள் நிலைப்படியில் இடித்தது. இடித்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. தாழ்வாரம் நெடுக ஒரு கால் மிதிக்கும் சத்தமும், ஒரு கால் தேய்ந்து வரும் சத்தமும். தப். சர்ர்ர். தப். சர்ர்ர். முப்பத்தைந்து வருஷமாக அவர் நடையை அவள் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வாள். இந்த நடையை அவள் கேட்டதே இல்லை.

"அத்தை, மாமா முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள் சுகிர்தா. "ஒரு பக்கம் இறங்கினாப்புல. நூத்தியெட்டுக்கு போன் போடட்டுமா?"

"பல்லு வலி" என்றாள் சௌந்தரவல்லி. தன் குரல் அத்தனை நிதானமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

சிவக்குமார் அறைக்குள் போய்க் கேட்டான். அவர் கட்டிலில் கிடந்தபடி தனக்கு வலப்புறமிருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார். நாக்கு தடித்திருந்தது, அதிகாரம் குறையவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ் சத்தம் இந்தத் தெருவுல கேட்டுச்சுன்னா உன் தங்கச்சி இந்த வீட்லயே நரைச்சுப்போவா. அவங்க வந்து பூ வச்சிட்டுப் போகட்டும். தட்ட நீ மாத்து. பல்லு புடுங்கினேன்னு சொல்லு."

சிவக்குமார் அம்மாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நின்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வெளியே வந்து, மல்லிகைப் பந்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

வெயில் சாய்ந்தது. கடல்பக்கத்துக் காற்று எழும்பி ஜன்னல் திரையை உள்ளே ஊதி, பிறகு உறிஞ்சி, வீடே மூச்சு வாங்குவதுபோல இருந்தது. கேசரியின் ஏலக்காய் வாசனையும் மல்லிகையும் கழுவிவிட்ட கூடத்துப் பினாயிலும் ஒன்றாய்க் கலந்து, துக்க வீட்டு வாசனையாக அவள் மூக்கில் ஏறியது. காப்பி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். பாதி வெளிச்சம்தான் இருந்தது.

"சௌந்தரம்" என்றார் மெதுவாக. "கதவச் சாத்து."

சாத்தினாள்.

"என் பக்கத்துல ஒருத்தன் படுத்திருக்கான்."

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யாருங்க? யாரும் இல்லியே."

"கை கெடக்கு பாரு. ஜில்லுனு இருக்கு. செத்தவன் கை மாதிரி."

அவர் வலது கையால் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். விரலில் அவளுடைய அப்பா போட்ட பச்சைக்கல் மோதிரம். விட்டதும் அந்தக் கை மார்பின்மேல் விழுந்து, அப்படியே கிடந்தது.

"உங்க கைதாங்க அது."

"என் கை இங்க இருக்கு." வலது கையை ஆட்டினார். "இது அவனுது. என் மோதிரத்த வேற கழட்டிப் போட்டிருக்கான், திருட்டுப் பய. அவங்க வர்றதுக்குள்ள இவன வெளியில அனுப்பு. மானம் போயிடும்."

வாசலில் கார் நின்றது.

அவள் வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வாங்க வாங்க" என்று சிவக்குமார் வரவேற்றான். பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். பல் பிடுங்கிய கதை சொல்லப்பட்டது. "பாவம், படுத்திருக்கட்டும்" என்றாள் சம்பந்தியம்மா. "அவர்தான் வாக்குக் குடுத்துட்டாரே. அது போதும் எங்களுக்கு. பல்லு இல்லாட்டி கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்பளத்த ஊறவச்சுப் போட்டாப் போச்சு." எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்போது அது கேட்டது.

டொக்.

அறைக்குள்ளிருந்து. மரத்தில் விரல் முட்டி படும் சத்தம். ஒரு கையின் சத்தம்.

டொக். டொக்.

சுகிர்தாவின் கையில் கேசரித் தட்டு நின்றது. சந்திரலேகா தலை நிமிரவில்லை. அவள் பின்னலில் அப்போதுதான் பூ ஏறிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி கூப்பிடறாரோ?" என்றாள் சம்பந்தியம்மா.

"இல்லிங்க" என்றாள் சௌந்தரவல்லி. "ஜன்னல் கதவு. காத்துக்கு அடிச்சுக்குது."

டொக். பிறகு ஏதோ இழுபடும் சத்தம். கட்டில் கால் தரையில் கிறீச்சிட்டது. ஒரு முனகல், வாயை யாரோ பொத்தியதுபோல் பாதியில் நின்றது. கனமான எதுவோ விழுந்தது.

"காத்து ஜாஸ்திதான்" என்றாள் சம்பந்தியம்மா.

தட்டு மாற்றினார்கள். பூ வைத்தார்கள். தேதி பேசினார்கள். காப்பி இரண்டாம் முறை வந்தது. சௌந்தரவல்லி காதை மட்டும் அறைக்குள் விட்டுவிட்டு இங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தமில்லை. ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் வளர்ந்துகொண்டே போனது. கூடம் முழுக்க. கழுத்துவரை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கார் கிளம்பியது.

அவள் கதவைத் தள்ளினாள். பாதிதான் திறந்தது. எதிலோ முட்டியது. இடுக்கில் நுழைந்தாள்.

அவர் தரையில் கிடந்தார். கூட இருந்தவனைக் கட்டிலிலிருந்து இழுத்துத் தள்ளியிருக்கிறார். அவனோடு தானும் விழுந்திருக்கிறார். மேல்துண்டால் அந்த இடது மணிக்கட்டை இறுக்கிச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கவ்வியிருந்தார். விரல்கள் நீலம். வாயின் இடது கடையில் எச்சில். விபூதி இருந்த பக்கத்துக் கண் மட்டும் அவளைத் தேடியது.

"என்னங்க."

அவள் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தாள். அவர் திரும்பவில்லை. குரலை வலப்பக்கச் சுவரில் தேடினார். அவள் சுற்றிவந்து மண்டியிட்டாள். குனிந்து, பல்லிலிருந்து துண்டை விடுவித்தாள். முடிச்சைத் தளர்த்தினாள்.

முந்தானை இழுபட்டது.

கீழே பார்த்தாள். மதியத்திலிருந்து செத்துக் கிடந்த கை. பச்சைக்கல் மோதிரம் போட்ட கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அவள் முந்தானையை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தன. இழுத்தாள். விடவில்லை.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பாதி உதடு அசைந்தது.

"உன்னையும் புடிச்சிட்டானா?"

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுப் போகும்வரை அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று கோவில்பத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு கிடையாது. சும்மா சாத்தித்தான் இருந்தது.