லோப்பே மாமாவின் மூன்று பற்கள்

சுக்கான் பிடிக்கும் லோப்பே மாமாவின் வாயில் இருப்பது மூன்றே மூன்று பற்கள். அந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

அவர்தான் அரசியார் அனுப்பும் கப்பலில், கரையே தெரியாத மேற்குக் கடலுக்குப் போகிறார். வழியில் தின்ன என்ன? மென்சியாவின் அப்பா சுட்ட கப்பல் ரொட்டி. அதைக் கல்லில் அடித்தால் கல்தான் உடையும்!

பத்து வயது மென்சியாவுக்கு மனசு கேட்கவில்லை. அப்பா அசந்த நேரம் பார்த்து, ஒரு மூட்டை ரொட்டியை மட்டும் இரண்டாம் தடவை சுடாமலே கட்டி வைத்துவிட்டாள். மாமா மெத்தென்று சாப்பிடட்டுமே!

கப்பல் கிளம்பும் நாளும் வந்தது. மூட்டைகள் கப்பலேறியதும் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

“ரெண்டு தடவை சுட்டாத்தான் ஈரம் போகும். ஒரு மூட்டையில ஈரம் இருந்தாலும் போச்சு! பூசணம் பிடிச்சு எல்லா மூட்டைக்கும் பரவிடும். அப்புறம் நடுக்கடல்ல காத்தைத்தான் தின்னணும்.”

மென்சியா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா... நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

“அடிப்பாவி! எந்த மூட்டை?”

“தெரியலையேப்பா...”

அப்பா வீட்டில் மிச்சமிருந்த ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு ஓடினார். மென்சியா பின்னாலேயே ஓடினாள்.

“நாப்பது மூட்டையையும் அவிழ்க்கவா? ஏறியிருக்கிற கடல்தண்ணி வடியறதுக்குள்ள நான் கிளம்பணும்!” என்று கத்தினார் கப்பல் தலைவர்.

“அவிழ்க்க வேண்டாம் ஐயா” என்ற மென்சியா, முதல் மூட்டையைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினாள். கடகடவென்றது. அடுத்ததும் கடகட. இருபத்தேழாவது மூட்டை மட்டும் வாயே திறக்கவில்லை.

“இதுதான்!”

அப்பா மூட்டையை மாற்றினார். மெத்து ரொட்டியை மாலுமிகள் அங்கேயே பிய்த்துத் தின்றார்கள்.

“எனக்காகவா செஞ்சே, கண்ணு?” லோப்பே மாமாவின் கண் கலங்கிவிட்டது.

“ஆமா மாமா. இனிமே எப்படிச் சாப்பிடுவீங்க?” என்றவள், சட்டென்று வீட்டுக்கு ஓடினாள். அம்மா பூண்டு இடிக்கும் குட்டி உரலோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

“இதுல இடிச்சு, திராட்சை ரசத்துல ஊற வச்சுச் சாப்பிடுங்க.”

மாமா உரலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பாய் விரிந்தது. கப்பல் நகர்ந்தது. அப்போதுதான் வழியனுப்பக் கைக்குட்டையோடு அம்மா ஓடி வந்தாள்.

“ஏண்டி, என் பூண்டு உரல் எங்கே?”

கப்பலின் பின்புறத்திலிருந்து ‘டொக்... டொக்...’ என்று சத்தம் வந்தது.

“அதோ போகுதும்மா, கடல் தாண்டி!” என்றாள் மென்சியா.